எஃப்.டி. போட்ட வங்கி தாங்குமா? கடன் பிரிவில் இருந்தவள் பார்க்கும் விதம்

கீழ் வீட்டு அண்ணன் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பழைய எக்ஸ்ரே கவரோடு மாடி ஏறி வந்தார். முழங்கால் படம் காட்ட வருகிறார் என்று நினைத்தேன். கவருக்குள் பதினொரு டெபாசிட் ரசீது இருந்தது.

"டி.வி.யில அமெரிக்கா கவுந்துடும், உலகமே மந்தம்னு சொல்றாங்க. நம்ம பேங்க் தாங்குமாம்மா? நீங்க பேங்க்ல இருந்தவங்க, சொல்லுங்க."

கூட்டிப் பார்த்தேன். 41 லட்சம். எட்டு ரசீது ஒரே வங்கியில். ஒன்று வேறொரு வங்கியில். இரண்டு அயனாவரம் பக்கம் இருக்கும் ஒரு நிதி கம்பெனியில்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவு. அம்பத்தூர் எஸ்டேட், ராணிப்பேட்டை, கடைசியில் அண்ணா சாலையில் மண்டல அலுவலகம். அப்படியும் "தாங்குமா" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. எங்கே கை வைத்துப் பார்ப்பது என்று மட்டும் சொல்லலாம். அன்று அண்ணனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அது வங்கிதானா?

இது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் நிறைய பேர் செய்வதில்லை. டெபாசிட் காப்பீட்டுக் கழகம், அதாவது டி.ஐ.சி.ஜி.சி., தன் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. உங்கள் ரசீதில் அச்சடித்த பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள். நிதி கம்பெனி, பைனான்ஸ் கம்பெனி, சீட்டு, தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் எதுவும் அதில் வராது. பெயர்ப்பலகையில் சாமி படம் இருந்தாலும், தாத்தா காலத்திலிருந்து நடந்தாலும் வராது. அண்ணனின் இரண்டு ரசீதைத் தனியாக எடுத்து வைத்து, "இது முதிர்ந்த அன்றைக்கே வெளியே வந்துடணும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அங்கேதான் வட்டி அதிகம்.

சென்னைக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1906 அக்டோபரில் இங்கே அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வங்கி மாதிரி டெபாசிட் வாங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி. ஊர்ப் பெரிய மனிதர்களிலிருந்து பென்ஷன்காரர்கள் வரை பணத்தைப் பறிகொடுத்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். டெபாசிட் காப்பீடு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960இல் மூடப்பட்ட பிறகு, 1962 ஜனவரியில் வந்தது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 1993இல் ஒரு லட்சம் ஆனது, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம்.

அந்த ஐந்து லட்சத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரசீதுக்கு ஐந்து லட்சம் கிடையாது, கிளைக்கு ஐந்து லட்சமும் கிடையாது. ஒரு வங்கியில், ஒரு பெயரில், எல்லாக் கிளையிலும் உள்ள சேமிப்பு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாம் சேர்த்து, வட்டியோடு சேர்த்து ஐந்து லட்சம். அதனால் ஐந்து லட்சத்தை முழுசாகப் போட்டு வட்டியைச் சேரவிட்டால் வட்டி முழுக்க வெளியே நிற்கும். ஏழு சதவீத வட்டி, காலாண்டுக் கூட்டு, இரண்டு வருஷம் என்றால் 4.30 லட்சம் போடுங்கள். முதிரும்போது 4.94 லட்சம் வரும், உள்ளே அடங்கும். அதே வங்கியில் உங்களுக்குக் கடன் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

கூட்டுக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. கணவர் தனியாக ஒன்று, மனைவி தனியாக ஒன்று, கணவர் பெயர் முதலில் வரும் கூட்டுக் கணக்கு ஒன்று, மனைவி பெயர் முதலில் வரும் கூட்டுக் கணக்கு ஒன்று. நான்கும் நான்கு தனித்தனி உரிமையாகக் கணக்கிடப்படும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து லட்சம். ஒரே வங்கியில் ஒரு தம்பதிக்கு இருபது லட்சம் வரை காப்பு கிடைக்கும். அண்ணனின் எட்டு ரசீதும் அவர் பெயரில் மட்டுமே இருந்தன. அதாவது 31 லட்சம் போட்டு ஐந்து லட்சத்துக்குத்தான் குடை பிடித்திருந்தார்.

2021 திருத்தத்துக்குப் பிறகு, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியில் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தால், காப்புத் தொகை 90 நாளில் கைக்கு வர வேண்டும். முன்பெல்லாம் வங்கி கலைக்கப்படும் வரை வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 90 நாள் மருந்துக்கும் வாடகைக்கும் என்ன செய்வது? அதனால் மூன்று மாதச் செலவுக்கான பணம் இரண்டாவது வங்கி ஒன்றில் கட்டாயம் இருக்கட்டும்.

41 லட்சத்தையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒன்பது வங்கிக்கு அலைய யாராலும் முடியாது. அங்கேதான் இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது, வங்கியைப் படிப்பது.

டீக்கடைக் கணக்கு

வங்கி கெடுவது கடன் கொடுத்த இடத்தில். அது ஊருக்குத் தெரிவது டெபாசிட் கவுண்டரில். இரண்டுக்கும் நடுவில் சில சமயம் இரண்டு வருஷம், சில சமயம் எட்டு வருஷம் ஓடிவிடும். நீங்கள் படிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். இதை நான் தெரிந்துகொண்டது ராணிப்பேட்டையில்.

2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. எங்கள் கிளைக்கு அது முதலில் வெறும் செய்தித்தாள் சமாச்சாரம். நவம்பரில், ஐரோப்பாவுக்குத் தோல் அனுப்பும் ஒரு வாடிக்கையாளரின் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு அனுப்பும் முன் தரும் ஏற்றுமதிக் கடன், தவணை தாண்டி நின்றது. "பையர் ஷிப்மென்டைத் தள்ளிப் போடச் சொல்கிறான், ஒரு மாசத்தில் சரியாகிடும் மேடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். அவர் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் நான்கு கோடிக்கு வெட் புளூ, அதாவது பாதி பதனிட்ட ஈரத் தோல், இருந்தது. அதை வைத்துத்தான் டிராயிங் பவர், அதாவது அவர் எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற வரம்பு, போடுவோம். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். பன்னிரண்டு டிரம்மில் நான்கு சுற்றிக்கொண்டிருந்தது. தோல் அடுக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் அடியில் கிடந்த அடுக்கில் பூஞ்சை. மின் கட்டண ரசீதைக் கேட்டேன், முந்தைய வருஷத்தில் பாதிக்கும் கீழே. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தானாகவே சொன்னார்: "முன்னாடி ஒரு வேளைக்கு இருநூறு டீ உள்ளே போகும்மா. இப்ப அறுபது."

அந்த அறுபது டீயை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது? மேலிடத்தில் எல்லோரும் கடனை மறுசீரமைக்கும் மனநிலையில் இருந்தார்கள். ரிசர்வ் வங்கியும் மந்தத்தை முன்னிட்டுச் சலுகை கொடுத்திருந்தது. தவணையை நீட்டினாலும் கடனை "நல்ல கடன்" என்றே கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நானும் சிபாரிசு எழுதினேன். கையெழுத்து என்னுடையதுதான். அந்தக் கடன் மூன்று வருஷம் நல்ல கடனாகவே கணக்கில் உட்கார்ந்திருந்து, 2012இல் வாராக்கடன் ஆனது.

நாடு முழுக்க இப்படித்தான் நடந்தது. நெடுஞ்சாலை, மின் நிலையம், இரும்பு ஆலை என்று அதே காலத்தில் அள்ளிக் கொடுத்த பெருங்கடன்களும் சேர்ந்துகொண்டன. மறுசீரமைப்புச் சலுகை 2015 ஏப்ரலில் முடிந்தது. அந்த வருஷமே ரிசர்வ் வங்கி வங்கிகளின் கடன் புத்தகங்களைத் தோண்டிப் பார்க்கச் சொன்னது. அதற்கப்புறம் குப்பை எல்லாம் மேலே வந்து, 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11.2 சதவீதத்தைத் தொட்டது. லேமன் விழுந்து ஒன்பதரை வருஷம் கழித்து! அதனால்தான், "மந்தம் வந்தாச்சு, நம்ம வங்கி லாபம் காட்டுதே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். 2008 அக்டோபரில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 2009 ஏப்ரலில் 4.75க்கு வந்தது. வட்டி இறங்கினால் வங்கி கையில் உள்ள பழைய அரசுப் பத்திரங்களின் விலை ஏறும். விற்றால் லாபம். கடன் ஒரு பக்கம் புளித்துக்கொண்டிருக்கும், பத்திர லாபம் இன்னொரு பக்கம் முகத்துக்குப் பவுடர் போடும். ஆண்டறிக்கையில் பதினான்காவது அட்டவணை "இதர வருமானம்". அதில் முதலீட்டு விற்பனை லாபம் திடீரென்று வீங்கியிருந்தால், அதைக் கழித்துவிட்டு மிச்ச லாபத்தைப் பாருங்கள்.

எந்தத் தாளை எடுப்பது

பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள வங்கி என்றால் காலாண்டு முடிவு, ஆண்டறிக்கை, பேசல் எனும் சர்வதேச வங்கி மூலதன விதிப்படி வெளியிடும் அறிக்கை மூன்றும் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆண்டறிக்கையில் தலைவர் புன்னகைக்கும் முதல் ஐம்பது பக்கத்தைத் தள்ளிவிட்டு, "கணக்குகள் பற்றிய குறிப்புகள்" என்ற பகுதிக்கு நேரே போங்கள். எல்லா உண்மையும் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும்.

மூலதன விகிதம் முதலில். இந்தியாவில் இடர் எடையிட்ட சொத்தில், அதாவது ஆபத்துக்கு ஏற்ப எடை போட்டுக் கூட்டிய கடன், முதலீடுகளில், மொத்தம் 11.5 சதவீதமாவது இருக்க வேண்டும், அதில் பங்குதாரர்களின் சுத்தமான பணம் 8 சதவீதம். 11.5ஐ ஒட்டி நிற்கும் வங்கிக்கு மழைக்காலத்தில் கூரை தாழ்வு. எனக்குப் பதினைந்துக்கு மேல் இருந்தால் நிம்மதி.

அடுத்தது வாராக்கடன். 90 நாள் தவணை வராவிட்டால் அது வாராக்கடன். அதற்கு முன்னால் எஸ்.எம்.ஏ. எனும் எச்சரிக்கைப் படிகள் மூன்று உண்டு: 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. பூஜ்யம், 31 முதல் 60 வரை எஸ்.எம்.ஏ. ஒன்று, 61 முதல் 90 வரை எஸ்.எம்.ஏ. இரண்டு. எல்லோரும் வாராக்கடன் சதவீதத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது வாசலில் நிற்கும் அந்த எஸ்.எம்.ஏ. இரண்டையும், மறுசீரமைத்த கடனையும். பல வங்கிகள் முதலீட்டாளர்களுக்கான விளக்கத்தில் இவற்றைத் தருகின்றன. தராமல் மழுப்பினால் அதுவே ஒரு தகவல்.

அண்ணனுக்கு ஒரு கற்பனை வங்கியை வைத்துக் காலண்டர் தாளின் பின்புறம் போட்டுக் காட்டினேன். மொத்தக் கடன் ஒரு லட்சம் கோடி. வாராக்கடன் 6,000 கோடி, அதற்கு ஒதுக்கி வைத்தது 3,600 கோடி. ஒதுக்காமல் நிற்பது 2,400 கோடி. மறுசீரமைத்தது 2,500 கோடி, எஸ்.எம்.ஏ. இரண்டில் 1,500 கோடி. சொந்த மூலதனம் 9,000 கோடி. இப்போது மந்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்காத 2,400 கோடியில் பாதி போயிற்று, 1,200. வாசலில் நிற்கும் 4,000 கோடியில் பாதி, அதாவது 2,000 கோடி வாராக்கடனாகி, அதில் அறுபது சதவீதம் போயிற்று, இன்னொரு 1,200. மொத்த நஷ்டம் 2,400 கோடி. சொந்தப் பணத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். வருஷத்துக்கு 1,800 கோடி இயக்க லாபம் வருகிறது என்றால், ஒன்றரை வருஷத்துக்குள் இதை விழுங்கிவிடும். வலிக்கும், ஆனால் பிழைக்கும். அதே கடனுக்குச் சொந்தப் பணம் 4,000 கோடி மட்டும் என்றால்? நஷ்டம் பாதிக்கு மேல் தின்றுவிடும். அந்த வங்கி அடுத்த வாரமே யாரிடமாவது மூலதனம் கேட்டுப் போய் நிற்க வேண்டும்.

இந்தப் பாதி, அறுபது எல்லாம் என் அனுபவ ஊகம். நீங்கள் இன்னும் கடுமையாகப் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. கூட்டல் கழித்தலுக்கு மேல் இதில் எதுவும் கிடையாது.

வாராக்கடன் குறைந்துவிட்டது என்று வங்கி மார்தட்டினால், குறிப்புகளில் வாராக்கடன் நகர்வு அட்டவணையைத் திறங்கள். வருஷ ஆரம்பத்தில் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, வசூலானது எவ்வளவு, தள்ளுபடி செய்தது எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வசூலில் குறைந்தால் சந்தோஷம். தள்ளுபடியில் குறைந்தால் வீட்டுக் குப்பையைக் கொல்லைப்புறம் கொட்டிய கதை. புதிதாகச் சேர்ந்தது மூன்று காலாண்டாக ஏறிக்கொண்டே போனால் எனக்கு வேறு எண் தேவையில்லை.

அதே குறிப்புகளில் இன்னொரு வரி உண்டு, ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்ட வேறுபாடு. அதாவது வங்கி தன் வாராக்கடன் இவ்வளவு என்றது, ஆய்வாளர் எண்ணியபோது அவ்வளவு வந்தது என்ற வித்தியாசம். 2015-16க்கு யெஸ் வங்கி காட்டியது 749 கோடி. ரிசர்வ் வங்கி எண்ணியது 4,926 கோடி. இந்த விவரம் வெளியே வந்தது 2017இல். பணம் எடுக்க 50,000 ரூபாய் உச்சவரம்பு போடப்பட்டது 2020 மார்ச் 5 அன்று. நடுவில் ஏறக்குறைய மூன்று வருஷம்! கணக்கில் பொய் சொல்கிற கடன்காரரோடு எப்படி உறவு வைத்துக்கொள்ள மாட்டேனோ, அப்படித்தான் வங்கியோடும். மற்ற எண்கள் சுமாராக இருந்தால் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

அப்புறம் செறிவு. முதல் இருபது டெபாசிட்காரர்கள் மொத்த டெபாசிட்டில் எத்தனை சதவீதம், முதல் இருபது கடன்காரர்கள் எத்தனை சதவீதம் என்று குறிப்பில் இருக்கும். பெரிய டெபாசிட்காரர்கள்தான் முதலில் ஓடுவார்கள், அவர்களிடம் செல்போனும் ஆடிட்டரும் உண்டு. டெபாசிட்டில் இது இருபது சதவீதத்தைத் தாண்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கடன் பக்கம் இதன் உச்சம் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி. கடனில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு, ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளுக்குள் ஒளித்துக் கொடுத்திருந்தார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கை வைத்தபோது, டெபாசிட்காரர்கள் முதலில் எடுக்க முடிந்தது ஆயிரம் ரூபாய்.

வெளிநாட்டுக் காற்று எந்த ஜன்னல் வழியாக வரும்

உள்ளூர் மந்தத்துக்கும் உலக மந்தத்துக்கும் வித்தியாசம் உண்டு. உலக மந்தத்தில் முதலில் அடி வாங்குவது ஏற்றுமதிக்குக் கடன் கொடுத்த வங்கிகள். ஆண்டறிக்கையில் தொழில்வாரிக் கடன் பட்டியலில் ஜவுளி, தோல், வைரம், வாகன உதிரிபாகம் எவ்வளவு என்று பாருங்கள். தமிழ்நாட்டு வங்கி என்றால் திருப்பூர், ஆம்பூர், ஸ்ரீபெரும்புதூர் மூன்றையும் மனதில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்களில் கிளைகள் இருந்தால் அங்கே கொடுத்த கடன் எவ்வளவு என்பது தனியாக வரும்.

பன்னிரண்டாவது அட்டவணை, "தற்செயல் பொறுப்புகள்". வங்கி கொடுத்த கேரண்டி, எல்.சி. (வாங்குகிறவருக்காகப் பணம் தருவதாக வங்கி எழுதும் உறுதிக் கடிதம்), அந்நியச் செலாவணி ஒப்பந்தம் எல்லாம் இங்கே. எண் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், போன வருஷத்தைவிட எவ்வளவு துள்ளியது என்று மட்டும் பாருங்கள். 2008இல் திருப்பூரில் பல ஏற்றுமதியாளர்கள் டாலர் ஒரு பக்கமாகவே போகும் என்று நம்பிப் செலாவணி விலையை வைத்துப் போடும் புரியாத டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார்கள். கட்ட முடியாதபோது அது வங்கியின் தலைவலி ஆயிற்று.

பத்திர நஷ்டம் இன்னொரு ஜன்னல். 6 சதவீத வட்டி தரும் பத்து வருஷப் பத்திரத்தை நூறு ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். சந்தை வட்டி 7 ஆனால் அதன் விலை 93 ரூபாய்க்கு இறங்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் நஷ்டமில்லை என்று அதைக் கணக்கில் காட்டாமல் வைக்கலாம். டெபாசிட்காரர்கள் வாசலுக்கு வராதவரை சரி. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் கேட்டு வந்தார்கள். மறுநாள் மூடினார்கள். அங்கே டெபாசிட்டில் பெரும்பகுதி காப்பீட்டு வரம்புக்கு மேலே இருந்தது, எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்த ஒரே தொழில்காரர்கள். சில்லறை டெபாசிட் நிறைந்த நம்மூர் வங்கிகள் இந்த விஷயத்தில் தேவலை. பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு கிளையில் பாஸ்புக் பதிய வரிசையில் நிற்கிறவர்கள் ஒரே நாளில் சேர்ந்து ஓட மாட்டார்கள்.

எண் இல்லாத அறிகுறிகள்

காலாண்டு முடிவைத் தள்ளிப்போடுவது. ஆடிட்டர் பாதியில் விலகுவது. தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி வெட்டுவது. எல்லோரும் ஏழு கொடுக்கும்போது ஒருவர் மட்டும் ஒன்பது கொடுத்து டெபாசிட் தேடுவது. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் எஃப்.டி. முதிரும் வரை காத்திருக்க மாட்டேன்.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் இந்தப் பாதையைப் படிப்படியாகப் பார்த்தோம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ், அதாவது பலவீனமான வங்கிகளுக்குக் கடிவாளம் போடும் பட்டியலில், வைத்தது. 2020 மார்ச் கணக்கில் கடனில் கால்வாசி வாராக்கடன், மூலதன விகிதம் 1.12 சதவீதம். செப்டம்பரில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய் வரம்பு. பத்து நாளில் சிங்கப்பூர் வங்கியான டி.பி.எஸ்.ஸின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு. டெபாசிட்காரர்களுக்கு ஒரு ரூபாய் போகவில்லை. பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை, 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரமும் பூஜ்யம்.

அதே திருத்த நடவடிக்கையில் சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015இலிருந்து 2021 வரை இருந்தது. அங்கே வரிசை எதுவும் நிற்கவில்லை. அரசு மூலதனம் போட்டது, கரையேறியது. அதனால் ஒரு வங்கி அந்தப் பட்டியலில் வந்துவிட்டது என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். சொந்தக்காரர் யார், அவர் பையில் இன்னும் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை பாதிப் பதில் அதில் இருக்கிறது.

ரேட்டிங் எழுத்துகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 2018 ஆகஸ்டில்கூட மூன்று ஏ வைத்திருந்தது, செப்டம்பரில் தவணை தவறியது. ரேட்டிங் இறங்கினால் கவனியுங்கள், உயரத்தில் இருந்தால் தூங்கிவிடாதீர்கள்.

வாட்ஸப் வதந்தி தனி ரகம். வாட்ஸப் இல்லாத 2008இலேயே, லேமன் விழுந்த சில நாளில் ஐசிஐசிஐ வங்கி பற்றிக் கிளம்பிய வதந்தியில் ஏ.டி.எம். வாசல்களில் கூட்டம் கூடியது. பணம் போதுமான அளவு இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. வங்கி இன்றும் இருக்கிறது. அன்று அவசரப்பட்டு எஃப்.டி.யை உடைத்தவர்களுக்கு அபராத வட்டிதான் மிச்சம். ஃபார்வர்டு வந்தால் காலாண்டு முடிவைத் திறங்கள்; அதில் மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் காபி குடிக்கப் போங்கள்.

கிளையில் அதிக வட்டி என்று "பெர்பெச்சுவல் பாண்டு", அதாவது முதிர்வுத் தேதி இல்லாத கடன் பத்திரம், நீட்டினால் வாங்காதீர்கள். அது எஃப்.டி. இல்லை. வங்கி தள்ளாடும்போது முதலில் எழுதித் தள்ளப்படுவது அந்த வகைதான். யெஸ் வங்கியில் 8,415 கோடி ரூபாய் அப்படிப் போனது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. சுவிட்சர்லாந்தில் கிரெடிட் சூயிஸ் விழுந்தபோதும் அதே வகைப் பத்திரங்கள்தான் பூஜ்யமாயின.

சின்னத் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நீங்கள் சரக்கு அனுப்புகிறவர் என்றால் உங்கள் வங்கியைவிடப் பெரிய ஆபத்து, வாங்குகிறவரும் அவருடைய வங்கியும். எல்.சி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எல்.சி. என்பது அந்த ஊர் வங்கியின் வாக்குறுதி, அந்த வங்கியே ஆடினால் வாக்குறுதியும் ஆடும். மந்த காலத்தில், நீங்கள் நம்பும் வங்கி ஒன்று உறுதிப்படுத்திய எல்.சி.யாகக் கேளுங்கள். கமிஷன் கூட ஆகும், கொடுங்கள். வெளிநாட்டில் வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. காப்பீட்டை உங்கள் பெயரிலும் எடுங்கள். வங்கி எடுத்திருப்பது வங்கியைக் காப்பாற்ற. ராணிப்பேட்டைக்காரர் அதை எடுக்கவில்லை. பிரீமியம் மிச்சம் என்று நினைத்தார். நானும் வற்புறுத்தவில்லை.

அண்ணன் கணக்குக்கு வருகிறேன். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 30 லட்சம் வரை போடலாம், மத்திய அரசின் பொறுப்பு. அங்கே ஒரு 15 லட்சம். பெரிய வங்கியில் இருபது லட்சத்துக்குள், கணவன் மனைவி பெயர்களை மாற்றி மாற்றி. மிச்சம் இரண்டாவது வங்கியில். எதையும் உடைக்க வேண்டாம், முதிர முதிர மாற்றினால் போதும் என்றேன். அண்ணி பெயர் முதலில் வரும் ரசீதுக்கு அவருக்கு அறுபது ஆகியிருந்தால்தான் மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவீத வட்டி கிடைக்கும். கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தார். வரும் தை மாதம் அறுபது முடிகிறதாம்.

போகும்போதுதான் ரசீதுகளைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றில் நான்கில் வாரிசு நியமனம் காலியாக இருந்தது. இப்போது நான்கு பேர் வரை எழுதலாம், 2025 நவம்பரிலிருந்து. "இதை எழுதலைன்னா பேங்க் நல்லா இருந்தும் அண்ணிதான் அலையணும்" என்றேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறுவதை பால்கனியிலிருந்து பார்த்தேன். எக்ஸ்ரே கவர் அண்ணி கையில் இருந்தது.